முகம் ஒன்று, வயிறு வேறு

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார். “மறைந்த என் அண்ணன் 1990களில் கப்பலில் எஞ்சின் பிரிவில் வேலை பார்த்தார். ஜப்பானிலிருந்து சூப்பர் ஃபாமிகாம் என்ற வீடியோ கேம் கன்சோலும் ஏழெட்டு ரோபோ பொம்மைகளும் கொண்டுவந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் எல்லாம் எங்கள் கராஜில், தகரக் கூரைக்குக் கீழே கிடந்தன. கன்சோலின் மேல்பாதி மஞ்சளாகிவிட்டது, கீழ்பாதி சாம்பல் நிறத்திலேயே இருக்கிறது. அடாப்டரைக் காணவில்லை. மகன் பழைய பொருள் கடையிலிருந்து ‘இதே கன்சோலின் அடாப்டர்’ என்று 9 வோல்ட் ஏசி என்று போட்டிருக்கும் ஒன்றை வாங்கி வந்திருக்கிறான், இன்னும் செருகவில்லை. பெராக்சைடு பூசி வெயிலில் வைத்தால் வெளுத்துவிடும் என்றும் சொல்கிறான். பொன்னிறத் தோள் கொண்ட ஒரு ரோபோவை எடுத்தேன். தோள் கையோடு வந்துவிட்டது. லவுஞ்சில் ஜன்னலோரக் கண்ணாடி அலமாரியில், அவனுடைய பிளேஸ்டேஷன் 5 பக்கத்தில் எல்லாவற்றையும் வைக்கலாமா? அல்லது விற்றுவிடுவதா?”

பதில்: முதலில் அந்த அடாப்டர். மகனிடமிருந்து அதை வாங்கி, கன்சோல் இருக்கும் அறைக்கே வராதபடி எங்காவது வைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் இன்னும் ஒரு மாதம் மஞ்சளாக இருந்தால் குடி முழுகிப் போகாது. அடாப்டரைச் செருகினால் ஒரே நொடியில் கதை முடியலாம்.

மகன் ஏமாந்ததில் அவன் தவறு எதுவும் இல்லை. சூப்பர் ஃபாமிகாம் 1990 நவம்பரில் ஜப்பானில் வந்தது. 1992இல் ஐரோப்பாவுக்குப் போனபோது அதைச் செய்த நிண்டெண்டோ நிறுவனம் பெயரை மாற்றியதே தவிர உடலை மாற்றவில்லை. அதே உருண்ட ஓரங்கள், அதே சாம்பல், சிவப்பு மஞ்சள் நீலம் பச்சை என்று அதே நான்கு பொத்தான்கள். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையும் ஐரோப்பாவைப் போல ‘பால்’ (PAL) வகை என்பதால் இங்கே புழங்கியதும் அந்த ஐரோப்பிய வகைதான். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் முகம் ஒன்று, வயிறு வேறு. ஐரோப்பிய வகை அடாப்டரிலிருந்து 9 வோல்ட் ஏசியை (மாறுதிசை மின்சாரம்) வாங்கி, அதை டிசியாக (நேர்திசை மின்சாரம்) மாற்றும் வேலையைத் தன் வயிற்றுக்குள்ளேயே செய்துகொள்ளும். ஜப்பானிய வகைக்கு அந்தச் செரிமானம் கிடையாது. அடாப்டரே டிசியாக மாற்றி ஊட்ட வேண்டும். செருகும் முனை இரண்டுக்கும் ஒரே அளவு என்பதுதான் கொடுமை.

அமெரிக்காவுக்கு அவர்கள் வேறு உடல் கொடுத்தார்கள். லான்ஸ் பார் என்ற வடிவமைப்பாளர் செய்தது: கோணலான பெட்டி, ஊதா நிறச் சுவிட்சுகள். முந்தைய கன்சோலின் தட்டையான தலையில் குடிபானக் கோப்பைகளை வைத்துக் கொட்டிவிட்டார்கள் என்று இதில் மேல்பகுதியை வளைத்துவிட்டார். என் கண்ணுக்கு அது செங்கல்லில் ஊதாப் பொத்தான் பதித்தது போலத்தான் இருக்கிறது. ஜப்பானிய உடலின் அழகில் பாதி கூட இல்லை. ஆனாலும் ஒன்றைப் பாராட்ட வேண்டும். அமெரிக்க வகையின் மின் செருகுவாய்க்குத் தனி வடிவம், மற்ற நாட்டு அடாப்டர் அதில் நுழையவே நுழையாது. அழகில் தோற்ற வடிவமைப்பு பாதுகாப்பில் ஜெயித்தது.

இதை நான் காசு கொடுத்துக் கற்றவன். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அடகுக் கடையில் “இதற்குரியது இதுதான்” என்று கொடுத்த அடாப்டரை நம்பிச் செருகினேன். விளக்கு ஒரு முறை மின்னியது, அவ்வளவுதான். உள்ளே ஃபியூஸ் மட்டும் போயிருந்ததால் பிழைத்தேன்.

உங்களுக்கு வேண்டியது டிசி அடாப்டர்: 9 முதல் 10 வோல்ட், குறைந்தது 850 மில்லி ஆம்பியர், நடுமுனை எதிர்மின். கடைசிச் சொல்லை விட்டுவிடாதீர்கள். அடாப்டரின் முதுகில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றி அரைவட்டமும் வரைந்திருப்பார்கள். கழித்தல் குறியிலிருந்து வரும் கோடு நடுப்புள்ளியைத் தொட வேண்டும். இன்று கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இதற்கு நேர்மாறு. லோட் ஷெடிங் (மின்வெட்டு) காலத்தில் வைஃபை ரவுட்டருக்காக வாங்கிய குட்டி யுபிஎஸ்ஸும் அதோடு வந்த வயர் கொத்தும் உங்கள் வீட்டிலும் இருக்குமே? அவை பெரும்பாலும் 12 வோல்ட், நடுமுனை நேர்மின். முனை பொருந்துகிறதே என்று அவற்றிலிருந்து ஒன்றை உருவிச் செருகும் ஆசை யாருக்கும் வரக்கூடாது.

அண்ணனின் பெட்டியை இன்னொரு முறை துழாவுங்கள். அசல் ஜப்பானிய அடாப்டர் அடியில் எங்காவது இருந்தால், அது 100 வோல்ட்டுக்குச் செய்தது. நம் சுவரில் வருவதோ 230. எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர், நிச்சயம் மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றும் வைத்திருந்திருப்பார். கனமான இரும்புக் கட்டி மாதிரி ஏதாவது கையில் பட்டால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

தொலைக்காட்சி விஷயம் எளிது. ஆண்டெனா வழியாக இணைக்கும் பழைய பெட்டி இங்கே வேலைக்கு ஆகாது. பின்பக்க ஏவி வாயிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் போட்டால் போதும். இன்றைய தட்டைத் திரைகளில் பெரும்பாலானவை ஜப்பானியத் தொலைக்காட்சி முறையான என்டிஎஸ்சி படத்தை ஏற்றுக்கொள்ளும். அந்தக் காலத்தில் அண்ணன் ஆடிய அதே ஆட்டம் உறவுக்காரர் வீட்டில் மந்தமாக ஓடியதாக நினைவிருந்தால், அது பிரமை அல்ல. ஜப்பானியக் கன்சோல் நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும், நம்முடையது 50 முறைதான். பல ஆட்டங்கள் இங்கே ஆறில் ஒரு பங்கு வேகத்தை இழந்து, மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு ஓடின. தொலைக்காட்சியே 1976இல்தான் வந்த நாட்டில் அதையெல்லாம் யார் கவனித்தார்கள்! எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேருக்கு ‘டிவி கேம்’ என்றால் கோல்டன் சைனாதான், சூப்பர் ஃபாமிகாமுக்கு முந்தைய கன்சோலான ஃபாமிகாமின் சீன நகல். அசல் என்று ஒன்று இருப்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இனி மஞ்சள். இந்தப் பெட்டிகள் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. தீப்பிடிக்காமல் இருக்கக் கலந்த புரோமின் சேர்மங்களையும் பிளாஸ்டிக்கின் ரப்பர் பங்கையும் குற்றவாளிகளாகச் சொல்கிறார்கள். வெளிச்சமும் சூடும் காற்றும் சேர்ந்து வேலையை முடிக்கின்றன. மேல்பாதியும் கீழ்பாதியும் வேறு வேறு பிளாஸ்டிக் கலவையில் வார்த்தவை என்பதால் ஒன்று மட்டும் மஞ்சளாவது இந்த கன்சோலில் சாதாரணம். உங்கள் தகரக் கூரை அதை இன்னும் விரைவுபடுத்தியிருக்கும்.

மகன் சொல்லும் வைத்தியத்துக்கு ‘ரெட்ரோபிரைட்’ என்று பெயர். 2008 வாக்கில் பழைய கணினிப் பிரியர்களிடையே பரவியது. முடி வெளுக்கும் 12 சதவீதப் பெராக்சைடு கிரீமைப் பூசி, காய்ந்துபோகாமல் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, புற ஊதா ஒளியில் வைப்பார்கள். வெளுக்கும், அதை மறுக்கவில்லை. கிரீம் ஓரிடத்தில் தடிப்பாகவும் ஓரிடத்தில் மெல்லியதாகவும் இருந்தால் வரிவரியாக, புலித்தோல் போல வெளுக்கும். அதைச் சரிசெய்ய வழியில்லை. சரியாக வெளுத்தாலும் சில ஆண்டுகளில் மஞ்சள் திரும்ப வரலாம். என்னைக் கேட்டால், வேண்டாம். இயந்திரத்தின் ஓட்டத்துக்கு அந்த நிறத்தால் ஒரு கெடுதலும் இல்லை. அவன் விடாப்பிடியாக நின்றால், அதே நிறத்து உடைந்த பிளாஸ்டிக் ஏதாவது ஒன்றில் முதலில் செய்து காட்டச் சொல்லுங்கள். கன்சோலைக் கழற்ற 4.5 மில்லிமீட்டர் விசேஷத் திருப்புளி வேண்டும், சாதாரணத் திருப்புளி அந்த ஆணிகளில் நிற்காது. கையுறை இல்லாமல் பெராக்சைடைத் தொட்டால் விரல் நுனி வெந்து வெளுக்கும்.

பொம்மைகளுக்கு வருவோம். தோள் உடைந்ததற்கு நீங்கள் காரணமல்ல. பொன்மினுக்குத் துகள்களைக் கலந்து வார்த்த பிளாஸ்டிக் 1980களின் இறுதியிலும் 90களிலும் நிறைய ரோபோக்களில் வந்தது. காலப்போக்கில் அது உள்ளுக்குள்ளேயே வலுவிழந்து, பழைய முறுக்கு மாதிரிப் பொடிந்துவிடுகிறது. சேகரிப்பாளர்கள் இதை ‘கோல்ட் பிளாஸ்டிக் சிண்ட்ரோம்’ என்பார்கள். மருந்து இல்லை. பசை போட்டால் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்து இடம் உடையும். பெட்டியைத் திறக்காமல் வைத்தால் மதிப்பு குறையாது என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு. ஒரு முறை கூடத் தொடாத பொம்மைகளும் பெட்டிக்குள்ளேயே இப்படித்தான் நொறுங்கியிருக்கின்றன. உடைந்த துண்டுகளை ஒரு சிறு பையில் போட்டு ரோபோவுடனே வையுங்கள். பொன்னிறச் சுழிகள் தெரியும் வேறு எந்த ரோபோவையும் வண்டியாகவோ விமானமாகவோ மடக்கிப் பார்க்காதீர்கள்.

லாரியாக மாறும் சிவப்பு ரோபோ இருந்தால் அது பெரும்பாலும் ‘கான்வாய்’. டகாரா நிறுவனம் 1983இல் டயாக்லோன் வரிசையில் விட்ட பொம்மை. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் ஹாஸ்ப்ரோ அதையே ஆப்டிமஸ் பிரைம் ஆக்கியது; உலகத்துக்கு இந்தப் பெயர்தான் தெரியும். அதன் ரப்பர் சக்கரங்களைக் கவனியுங்கள். மென்மையான சக்கரத்தில் இருக்கும் எண்ணெய்ப் பொருள் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் கடினப் பிளாஸ்டிக்கைக் கரைத்துப் பள்ளம் போடும். சக்கரம் எதன்மேலும் படாமல் நடுவில் வெள்ளைத் தாள் வையுங்கள், பிவிசி பைகளில் போட வேண்டாம். வெள்ளிப் பூச்சுள்ள பகுதிகள் பிளாஸ்டிக்கின்மேல் படிந்த மிக மெல்லிய உலோகத் தோல்தான். ஆல்கஹாலும் பெராக்சைடும் வேண்டவே வேண்டாம், காய்ந்த மென்மையான தூரிகையே போதும். பேட்டரி அறைகளைத் திறந்து பாருங்கள். வெள்ளைப் பூ பூத்திருந்தால் பஞ்சுக் குச்சியில் சிறிது வினிகர் தொட்டுத் துடைத்து உலர விடுங்கள்.

கையில் எடுத்தவுடன் ‘கனம்’ என்று தோன்றும் சிறிய ரோபோக்கள் துத்தநாகக் கலவை. 1974இல் போப்பி நிறுவனம் மாஜிங்கர் இசட் பொம்மையோடு தொடங்கிய ‘சோகோகின்’ மரபு அது. டர்பனின் உப்புக் காற்று இவற்றின் எதிரி. மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள்.

அலமாரியை ஜன்னலோரம் வைக்காதீர்கள். வடக்கு நோக்கிய ஜன்னலாக இருந்தால் கட்டாயம் கூடாது. இந்தியாவிலோ அமெரிக்காவிலோ எழுதிய குறிப்புகள் தெற்கு ஜன்னலைத் தவிர்க்கச் சொல்லும். பூமியின் இந்தப் பாதியில் வெயில் வடக்கிலிருந்து வருகிறது. பூஜை மூலைக்குப் பக்கமும் வேண்டாம். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிப் புகை பிசுக்காகப் படிந்தால் பழைய ஸ்டிக்கர்களிலிருந்து அதைப் பிரிக்க முடியாது. பிளேஸ்டேஷன் 5 அந்த மூடிய கண்ணாடிக்குள் போகவே கூடாது. 2020இல் வந்த முதல் வகை 39 சென்டிமீட்டர் உயரம், நாலரைக் கிலோ. அந்த வெள்ளைச் சிறகுகளைப் பலரும் கிண்டல் செய்தார்கள், நானும் செய்தேன். ஆனால் அந்தப் பருமனில் பெரும்பங்கு சூட்டை வெளியேற்றும் விசிறிக்கும் உலோகத் தகடுகளுக்கும்தான். அது திறந்த மேசையில் இருக்கட்டும்.

ரோபோவும் கன்சோலும் ஒரே தட்டில் இருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. 1985இல் அமெரிக்கக் கடைகள் வீடியோ கேம் என்றாலே முகம் சுளித்தபோது, நிண்டெண்டோ கன்சோலோடு ‘ராப்’ என்ற பிளாஸ்டிக் ரோபோவைச் சேர்த்து, பொம்மை என்று சொல்லித்தான் உள்ளே நுழைந்தது. அந்த ரோபோ ஆடியது இரண்டே ஆட்டங்கள்.

விற்பதைப் பற்றி. அவசரப்பட வேண்டாம். ரோபோவின் கைமுட்டி, ஏவுகணை, தெர்மோகோல் தட்டு, ஜப்பானிய விளக்கத்தாள் எல்லாவற்றையும் குப்பை என்று எண்ணி எறிந்துவிடாமல் சேர்த்து வையுங்கள். விலையில் பெரும்பகுதி அவற்றில்தான் இருக்கிறது. கன்சோலையும் பொம்மைகளையும் விற்பதும் வைத்துக்கொள்வதும் உங்கள் விருப்பம். கன்சோலில் செருகும் ஆட்டப் பெட்டிகளான கார்ட்ரிட்ஜ்களை மட்டும் பார்க்காமல் கொடுத்துவிடாதீர்கள்.

சில கார்ட்ரிட்ஜ்களுக்குள், குறிப்பாக நீண்ட கதை ஆட்டங்களில், சிஆர் 2032 என்ற நாணய பேட்டரி பற்றவைத்திருப்பார்கள். ஆடியவர் நிறுத்திய இடத்தை அதுதான் நினைவில் வைத்திருக்கிறது. முப்பது ஆண்டு கழித்தும் உயிரோடு இருக்கும் பேட்டரிகளை நான் பார்த்திருக்கிறேன். சரியான அடாப்டர் வந்ததும், கார்ட்ரிட்ஜின் உலோகப் பற்களை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். வாயால் ஊதக்கூடாது, எச்சில் ஈரம் பற்களை அரிக்கும். மின்சாரம் ஓடும்போது கார்ட்ரிட்ஜை உருவவும் கூடாது. யாராவது ‘பேட்டரியை மாற்றித் தருகிறேன்’ என்றால் உடனே சம்மதிக்காதீர்கள். பேட்டரியைக் கழற்றினால் சேமிப்பு அழிந்துவிடும். முதலில் கணினியோடு இணைத்து கார்ட்ரிட்ஜைப் படிக்கும் கருவியால் அதை நகலெடுத்துத் தரச் சொல்லுங்கள். ஆட்டத்தின் தொடக்கத் திரையில் சேமிப்பு ஏதாவது தெரிந்தால், அழிப்பதற்கான பொத்தானை யாரும் தொடும் முன் கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். பெயர் எழுதும் இடத்தில் ஜப்பானிய எழுத்துகள் சில இருக்கலாம். கைபேசியின் மொழிபெயர்ப்புக் கேமராவை அதன்மேல் காட்டினால் எப்படி உச்சரிப்பது என்று சொல்லிவிடும்.