மணிச் சத்தத்தில் ஆள் தெரியும்

அன்புள்ள ஐயா,
முப்பது வருஷம் றெயில்வேயில் இருந்தும் அந்தக் காலக் கரிக்கோச்சியின் அழகை நீங்கள் எழுதவேயில்லை. கூவென்ற சத்தம், புகை, மலைப்பாதை! டீசல் கோச்சியில் என்ன இருக்கிறது? நினைவுகளைப் புத்தகமாகப் போட மாட்டீர்களா?
— ஒரு வாசகர், தெஹிவளை

தம்பி,

புகையில் அழகு கண்டவர் பயணி. எஞ்சினில் நின்று கரி அள்ளியவர் கண்டது எரிச்சல். 1954இல் கனடா டீசல் எஞ்சின்கள் வந்ததை நினைத்துக் கைகூப்பிய பழைய டிரைவர்களை எனக்குத் தெரியும். யாரோ எழுதிய ஏக்கத்தைக் கடன் வாங்கி எனக்கே அனுப்புகிறீர். அதை விடும்.

போன கிழமை வெள்ளவத்தை வீட்டில் கதவு மணி அடித்தது. அடித்த விதத்திலேயே பேரன் என்று தெரிந்தது. அன்றிலிருந்து மண்டைக்குள், கோச்சி விட ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் அடித்துக்கொண்ட டேப்ளட் மணிதான்.

நான் வேலை செய்த காலத்தில் பொல்காவலைக்கு வடக்கே ஒற்றைத் தண்டவாளம். கோச்சியை விட வேண்டுமென்றால் அடுத்த ஸ்டேஷனுக்கு மணி அடித்துக் கேட்க வேண்டும். அங்குள்ளவர் சம்மதித்துத் தன் மெஷினை அழுத்தினால்தான் என் மெஷினிலிருந்து டேப்ளட் வெளியே வரும். உள்ளங்கை அகல வட்டத் தகடு; அதுதான் அடுத்த ஸ்டேஷன்வரை போக டிரைவருக்கு அனுமதி. அது வெளியே இருக்கும்வரை இரண்டு மெஷினும் இன்னொன்றைத் தராது. அதைத் தோல்பைக்குள் போட்டு, பெரிய வளையத்தோடு டிரைவரிடம் நீட்டுவோம். நிற்காத கோச்சியென்றால் ஓடஓடவே கைமாற வேண்டும். புதுப் போர்ட்டர்களின் முழங்கை கன்றிப்போயிருக்கும்.

விளங்குகிறதா? என் கை மட்டும் போதாது. பத்துக் கிலோமீற்றருக்கு அப்பால் இன்னொருவரும் விழித்திருக்க வேண்டும். இதுதான் தம்பி எங்கள் வேலை, கூவென்ற சத்தமில்லை!

அடுத்த ஸ்டேஷனின் மாஸ்டர் ஒரு சிங்களவர். இரண்டு வருஷம் முகமே தெரியாது, மணிதான் தெரியும். அவசரமில்லாத அடி, கடைசி அடிக்கு முன்னால் சின்னதாக ஒரு நிற்பு. ஒருநாள் அந்த நிற்பு இல்லை. போனில் கேட்டேன். மகளுக்குக் காய்ச்சல் என்றார். விடியும்வரை ஒவ்வொரு கோச்சிக்கும் மணியோடு காய்ச்சலையும் விசாரித்தேன்.

பிறகு ஒரே ஒரு தடவை கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் அவரை நேரில் கண்டேன். கொஞ்சம் ஏமாற்றந்தான். அந்த மணிக்கு நல்ல நெட்டையான ஆளாக நினைத்து வைத்திருந்தேன்.

புத்தகமா? பார்ப்போம்.