லீவுல என்ன படிக்கலாம்? – வாசகர் கேள்விகள்

இந்த வாட்டி வந்த கடிதம், மெயில், வாட்ஸ்அப் எல்லாத்துலயும் பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், லீவுக்கு என்ன புக் எடுக்கிறதுன்னு. அதனால முடி கொட்டுறவங்க, மாமியார் பிரச்சினைக்காரங்க எல்லாம் அடுத்த இதழ் வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கங்க.

எட்டாவது போகப்போற பையன், எந்நேரமும் செல்போன்தான். ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்க, வாங்கிக் குடுக்கறேன். – ஒரு அம்மா, திருச்சி

நல்ல புத்தகம்னு நீங்க மனசுல வெச்சிருக்கறது என்னன்னு எனக்குத் தெரியும்மா, தலைவர்கள் வரலாறு, நீதிக்கதை, அப்புறம் பொது அறிவு ஆயிரம் கேள்வி பதில். அதை லீவுல குடுத்தா அவனுக்கு அது இன்னொரு பாடப்புத்தகம், அவ்ளோதான். வாங்கிக் குடுக்காதீங்க, கூட்டிட்டுப் போங்க. மாவட்ட மைய நூலகத்துல சின்னப் பசங்க பகுதியில அவனை விட்டுட்டு நீங்க பாட்டுக்கு ஒரு ஓரமா உக்காந்து வார இதழ் ஏதாவது புரட்டுங்க, என்ன எடுக்கிறான்னு மட்டும் எட்டிப் பாக்காதீங்க. (கிளை நூலகம்னா வெள்ளிக்கிழமை லீவு, அன்னிக்குப் போய் நின்னுட்டு என்னைத் திட்டாதீங்க.)

காமிக்ஸ் எடுத்தாலும் சரி. 1972-ல முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோட ஆரம்பிச்சப்போ அதை கணக்கு நோட்டுக்குள்ள ஒளிச்சு வெச்சுப் படிச்ச பசங்கதான் இன்னிக்கு ரிட்டயர்டு ஆஃபீசருங்க, இன்னமும் தேடித்தேடி வாங்குறாங்க, ஒண்ணும் கெட்டுப்போயிடல.

பேர் சொல்லியே ஆகணும்னா ரெண்டு சொல்றேன். உதயசங்கர் எழுதின ஆதனின் பொம்மை, கீழடியை வெச்சு வந்த நாவல், 2023-ல சிறுவர் இலக்கியத்துக்கான பால சாகித்ய புரஸ்கார் விருது வாங்குச்சு. அதைப் படிச்சு முடிச்சான்னா பஸ் ஏத்தி கீழடி மியூசியத்துக்கே கூட்டிட்டுப் போயிடுங்க, திருச்சியிலேருந்து ஒரு நாள்ல போயிட்டு வந்துடலாம். இன்னொண்ணு சுஜாதாவோட என் இனிய இயந்திரா, அதுல ஜீனோன்னு ஒரு ரோபோ நாய் வரும், வாய் நீளம், அறிவு அதைவிட நீளம், செல்போன் பையனுக்கு அதை ரொம்பப் பிடிக்கும்னு தோணுது.

படம் ரெண்டு பார்ட்டும் பாத்துட்டு பொன்னியின் செல்வன் வாங்கினேன். ரெண்டு தடவை ஆரம்பிச்சு ரெண்டு தடவையும் முதல் பாகத்துலயே நின்னுட்டேன். இந்த லீவுல முடிக்க வழி சொல்லுங்க. – ஒரு காலேஜ் மாணவர், கோவை

தம்பி, மொதல்ல கணக்கு போட்டுப் பாருங்க. அஞ்சு பாகம், மொத்தம் 293 அத்தியாயம். லீவு 40 நாள்னு வெச்சாலும் ஒரு நாளைக்கு ஏழு அத்தியாயத்துக்கு மேல வருது, அதுல கல்யாணம், கிரிக்கெட், தூக்கம் எல்லாம் போக என்ன மிஞ்சும் சொல்லுங்க. அந்தக் கதை அப்படி ஒரே மூச்சுல படிக்கிறதுக்காக எழுதினதே கிடையாது. 1950 அக்டோபர்ல கல்கி பத்திரிகையில தொடரா ஆரம்பிச்சு 1954 வரைக்கும் வாராவாரம் வந்துச்சு, ஜனங்க மூணரை வருஷம் காத்திருந்து காத்திருந்து படிச்சாங்க, அதனாலதான் ஒவ்வொரு அத்தியாயமும் யாரோ கதவைத் தட்டுற மாதிரி, இல்ல யாரோ மயங்கி விழற மாதிரி முடியும், அடுத்த வாரம் புத்தகம் வாங்க வைக்கணும்ல. நடுநடுவுல கல்கி கதையை நிறுத்திட்டு சோழர் வரலாறு சொல்ல ஆரம்பிச்சுடுவாரு, போன வாரம் படிச்சது மறந்திருக்கும்னு முன்கதையை வேற ஞாபகப்படுத்துவாரு, இதெல்லாம் சேர்ந்து மொத்தமா படிக்கிறவனுக்கு பாரமாத் தெரியும், நீங்க நின்னதும் அதனாலதான்.

அதனால இந்த லீவுக்கு முதல் பாகம் மட்டும். 57 அத்தியாயம், ஒரு நாளைக்கு ரெண்டு, அதுக்கு மேல படிக்கணும்னு ஆசை வந்தாலும் மூடி வெச்சுடுங்க. ஆசையை மிச்சம் வெச்சாத்தான் ரெண்டாம் பாகத்துக்கு வருவீங்க. படத்துல பாத்த வேகத்தை மனசுல வெச்சுக்காதீங்க, புத்தகம் ஆடிப்பெருக்கு அன்னிக்கு வீரநாராயண ஏரிக்கரையில வந்தியத்தேவன் குதிரையில மெல்ல வேடிக்கை பாத்துக்கிட்டே போறதுலதான் தொடங்குது, நீங்களும் அதே வேகத்துல போங்க. மணியம் வரைஞ்ச ஓவியங்களோட வந்த பதிப்பு எங்கயாவது கெடைச்சா விடாதீங்க. கல்கி எழுத்து நாட்டுடைமை ஆனது, அதனால மதுரைத் திட்டம்ங்கிற இணைய நூலகத்துல இலவசமாவே இருக்கு, இதுக்குன்னு கடன் வாங்க வேணாம்.

ஒரு கதையை முடிச்சோம்னு திருப்தி வேணும்னா கல்கியோட பார்த்திபன் கனவு எடுங்க, ஒரே புத்தகம்.

எனக்கு ஏது சம்மர் லீவு? தாம்பரம் டு பீச் டிரெயின்ல படிக்கிற மாதிரி ஏதாவது இருக்கா? – ஒரு அக்கவுண்டன்ட், சென்னை

இருக்கே, ஒல்லியான நாவலா எடுங்க. அசோகமித்திரனோட தண்ணீர். ஜமுனா, அவ தங்கச்சி சாயா, அந்தத் தெரு, தண்ணிக்காக நடக்கிற அலைச்சல், அவ்ளோதான் கதை, ஒரு எடத்துலகூட குரல் ஒசத்தவே மாட்டாரு. ஏப்ரல் மாசம் லாரி வந்துச்சான்னு எட்டிப் பாத்துட்டு ஆஃபீஸ் கெளம்புற ஊர்ல இதை ஏசி ரூம்ல படிக்கிறதைவிட வேர்த்துக்கிட்டு நின்னு படிக்கிறதுதான் சரி.

இன்னொண்ணு பூமணியோட வெக்கை, 1982-ல வந்தது. அசுரன் படம் இதுலேருந்துதான் எடுத்தாங்க, ஆனா படத்தை நெனைச்சுக்கிட்டுப் போகாதீங்க. ஒரு கொலையைச் செஞ்சுட்டு பையனும் அப்பாவும் காட்டுல ஒளிஞ்சு திரியறாங்க, பையனுக்குப் பதினஞ்சு வயசு. சண்டையைவிட அவங்க என்ன சமைச்சுத் தின்னாங்க, எங்க படுத்தாங்க, என்ன பேசிக்கிட்டாங்கங்கறதுதான் நெறைய, அதுலதான் அந்த அப்பன் எப்படிப்பட்ட மனுஷன்னு தெரியும். எறங்க வேண்டிய ஸ்டேஷனைக் கோட்டை விட்டுடப் போறீங்க, ஜாக்கிரதை.

பெங்களூருல இருக்கோம். பொண்ணுக்கு ஏழு வயசு, தமிழ் நல்லா பேசுவா, படிக்க வராது. – ஒரு அப்பா

பெரிய எழுத்து, கொஞ்சம் வார்த்தை, நெறைய படம், இதுதான் அளவு. தூலிகா பதிப்பகம் தமிழும் இங்கிலீஷும் ஒரே பக்கத்துல வர்ற படக்கதை போடுறாங்க. பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் வெப்சைட்ல காசே இல்லாம தமிழ்க் கதைங்க இருக்கு, படிக்கிற திறமைக்கு ஏத்த மாதிரி நிலை பிரிச்சிருப்பாங்க, முதல் நிலையிலேருந்தே ஆரம்பிங்க, ஏழு வயசாச்சேன்னு மூணாவது நிலைக்குத் தாவாதீங்க. ராத்திரி நீங்க ஒரு பக்கம் அவ ஒரு பக்கம். தப்பா படிச்சா உடனே திருத்தாதீங்க சார், ப்ளீஸ்.

நான் ராஜேஷ்குமார்தான் விரும்பிப் படிப்பேன். ஃபிரெண்ட்ஸ் கிண்டல் பண்றாங்க, லீவுலயாவது இலக்கியம் படிக்கணுமா? – ஒரு வாசகி, ஈரோடு

கிண்டல் பண்றவங்க போன வருஷம் எத்தனை புக் படிச்சாங்கன்னு கேளுங்க. 1500-க்கு மேல க்ரைம் நாவல், மத்த நாவல்னு எழுதின மனுஷன், அத்தனை பேரை பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரத்துலகூட படிக்க வெச்சிருக்காரு, சாதாரணமா என்ன? கொஞ்சம் வேற ருசி பாக்கணும்னு உங்களுக்கே தோணினா மட்டும் சுஜாதாவோட கணேஷ், வசந்த்னு ரெண்டு வக்கீலுங்க துப்பு துலக்குற கதைங்க பக்கம் போங்க, அங்கயும் கொலைதான்.

கண்ணு முன்ன மாதிரி இல்ல. லீவுக்குப் பேரப்பசங்க வர்றாங்க. – ஒரு தாத்தா, தூத்துக்குடி

ஐயா, பேரப்பசங்களை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி நீங்க கேளுங்க. அதுக்கு கி.ராஜநாராயணனோட கோபல்ல கிராமம் மாதிரி அமையாது, 1976-ல வந்தது, திண்ணையில உக்காந்து பேசுற மாதிரியே எழுதியிருப்பாரு. கரிசல்காட்டு வார்த்தைங்க பசங்களுக்குப் புரியாது, உங்களுக்குப் புரியும், அங்கங்க நிறுத்தி அர்த்தம் கேப்பாங்க. நாலு பக்கம் போனதும் நீங்க உங்க கதையை ஆரம்பிச்சுடுவீங்கன்னு நெனைக்கிறேன், பரவால்ல, ஆரம்பிங்க.

ஜனவரி புத்தகக் கண்காட்சியில வாங்கின பை அப்படியே இருக்கு. மே மாசத்துக்குப் புதுசா வாங்கலாமா? – ஒரு வாசகர், நங்கநல்லூர்

வேணாம். பையைக் கொட்டி ஒவ்வொண்ணுலயும் முதல் பத்து பக்கம் நின்னுக்கிட்டே படிங்க, எதைப் படிக்கிறப்போ உங்களை அறியாம உக்காந்தீங்களோ அதுதான் இந்த லீவுக்கு. மத்தவங்க சொன்னாங்கன்னு வாங்கினதெல்லாம் எதுன்னு உங்களுக்கே தெரியும், அதை பக்கத்து கிளை நூலகத்துல எடுத்துக்கிறாங்களான்னு கேட்டுப் பாருங்க, மொதல் பக்கத்துல எழுத்தாளர்கிட்ட உங்க பேருக்குக் கையெழுத்து வாங்கியிருந்தா அதை மட்டும் குடுக்காதீங்க, அவரே ஒரு நாள் அங்க வந்து நிப்பாரு.