கேள்வி – பதில்: கோபேயின் சுசுகி ஷோட்டென்

(ஒரு காலத்தில் ஜப்பானின் மிகப் பெரிய வணிக நிறுவனமாக இருந்து 1927-இல் விழுந்த சுசுகி ஷோட்டென் பற்றி நண்பர்கள் கேட்டவை, கேட்ட வரிசையில்.)

சேலத்திலிருந்து: சார், இது மாருதி சுசுகி கார் கம்பெனியின் பழைய பெயரா?

இல்லை. கார் சுசுகி 1909-இல் ஹமாமட்சு ஊரில் தறி செய்யும் பட்டறையாகத் தொடங்கியது. இது கோபே துறைமுகத்தில் 1874-இல் சர்க்கரை வியாபாரத்தில் தொடங்கியது. சுசுகி அங்கே சாதாரணக் குடும்பப் பெயர். இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது.

திருநெல்வேலி, வணிகவியல் மாணவி: ஒரு சர்க்கரைக் கடை எப்படி ஜப்பானின் பெரிய வணிகக் குழுமமான மிட்சுயியையே முந்தியது?

நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன் அம்மா. நிறுவனர் சுசுகி இவாஜிரோ 1894-இல் இறந்தார். கடையை மூடிவிடலாம் என்று உறவினர்கள் சொன்னதை மனைவி யோனே கேட்கவில்லை. சர்க்கரையை யானகிதாவிடமும், கற்பூரத்தைக் கனேகோ நவோகிச்சியிடமும் ஒப்படைத்தார். கனேகோ தோசா பகுதியைச் சேர்ந்த ஏழை. பழைய பேப்பர் பொறுக்கி, அடகுக் கடையில் வேலை பார்த்து வளர்ந்தவர். அவர் கையில் இல்லாத கற்பூரத்தை முன்கூட்டியே விற்றுவைக்க, விலை எகிறி, கடைக்குப் பெரிய நஷ்டம். அப்போதும் யோனே அவரை வெளியே அனுப்பவில்லை.

1895-இல் தைவான் ஜப்பான் வசம் வந்தது. 1899-இல் அங்கே கற்பூரத்தை அரசு ஏகபோகமாக்கியது. மற்ற வியாபாரிகள் எதிர்த்தபோது கனேகோ, திட்டத்தைக் கொண்டுவந்த அதிகாரி கோத்தோ ஷிம்பெய் பக்கம் நின்றார். கற்பூர எண்ணெய் விற்பனையில் பெரும்பங்கு சுசுகிக்கு வந்தது. கற்பூரம் என்றால் நமக்குச் சாமிக்கு ஏற்றுவதுதான் நினைவு வரும். அன்று செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக் செய்ய அது முக்கிய மூலப்பொருள், உலகமே வாங்கியது. அந்தப் பணத்தில் ஆலைகள் வந்தன. 1905-இல் வாங்கிய எஃகு ஆலைதான் இன்றைய கோபே ஸ்டீல்.

அப்புறம் 1914-இல் முதல் உலகப்போர். மற்றவர்கள் தயங்கி நிற்க, என்ன விலையானாலும் இரும்பு வாங்கச் சொல்லி கனேகோ உத்தரவு போட்டார். லண்டன் கிளையில் இருந்த தகஹாட்டா செய்இச்சி, தானியம் ஏற்றிய கப்பலைச் சரக்கோடு சேர்த்து அப்படியே விற்றார். 1917-இல் சுசுகியின் வியாபாரம் சுமார் 154 கோடி யென். மிட்சுயியின் வணிக நிறுவனமான மிட்சுயி புஸ்ஸான் சுமார் 110 கோடி.

ஒரு எச்சரிக்கை: வாரிசு நிறுவனங்களின் ஆண்டு மலர்களில் இந்தப் பகுதி வீரகாதையாக இருக்கும். அரசோடு இருந்த நெருக்கத்தைக் கழித்துவிட்டுப் படிக்காதீர்கள்.

மதுரையிலிருந்து: இந்தியாவோடு தொடர்பு உண்டா?

சுசுகியின் இன்றைய வாரிசு சோஜிட்ஸ் என்ற வணிக நிறுவனம். அதில் 2004-இல் சேர்ந்த நிச்சிமெனுக்கு உண்டு. 1892-இல் ஒசாகாவில் பஞ்சு இறக்குமதிக்காகத் தொடங்கியது அது. பம்பாய்ப் பஞ்சுதான் அன்றைய ஒசாகா ஆலைகளுக்கு உயிர். அடுத்த வருடமே டாடாவோடு சேர்ந்து ஜப்பானியக் கப்பல் நிறுவனம் ஒன்று கோபே–பம்பாய் போக்குவரத்தைத் தொடங்கியது.

கோவையிலிருந்து: மாருதி சுசுகிக்கும் இதற்கும்...

முதல் பதிலைப் பாருங்கள்.

தஞ்சாவூர், நெல் வியாபாரி: 1918 அரிசிக் கலவரத்தில் கோபே மக்கள் இவர்கள் தலைமையகத்தைக் கொளுத்தினார்களே. அரிசியைப் பதுக்கினார்கள் என்பதால்தானே?

கொளுத்தியது உண்மை, ஆகஸ்ட் 12 இரவு. முன்பு மிக்காடோ ஹோட்டலாக இருந்த கட்டடம், சாம்பலாகிவிட்டது. பதுக்கினார்கள் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. வெளிநாட்டு அரிசியை இறக்கும் பொறுப்பை அந்த வருடம் அரசு சில நிறுவனங்களிடம் கொடுத்தது. சுசுகி அதில் ஒன்று, மிட்சுயியும் ஒன்று.

அதே நண்பர்: நெருப்பில்லாமல் புகையுமா ஐயா? கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள்.

வக்காலத்து இல்லை. சந்தேகம் வரக் காரணம் இருந்தது. கோத்தோ ஷிம்பெய் அப்போது மந்திரி. போரில் சுசுகி கொழுத்தது ஊருக்கே தெரியும். ஒசாகா அசாஹி பத்திரிகை விடாமல் எழுதியது. ஆனால் சந்தேகத்தின் காரணம் வேறு, குற்றத்தின் ஆதாரம் வேறு. சைபீரியாவுக்குப் படை போகிறது என்றதும் விலை இன்னும் ஏறும் என்று அரிசியைப் பிடித்து வைத்த வியாபாரிகள் நாடு முழுக்க இருந்தார்கள். பழி மட்டும் ஒரே கட்டடத்தில் விழுந்தது.

கும்பகோணத்திலிருந்து: அப்படியென்றால் பணக்காரன் மேல் பொறாமை, அவ்வளவுதானே?

இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அந்தக் கலவரத்தைத் தொடங்கியவர்கள் தொயாமா கடற்கரை மீனவப் பெண்கள். தங்கள் ஊர் அரிசி கண்ணெதிரே கப்பலேறிப் போவதைத் தடுக்க நின்றார்கள். அது வயிற்றுப்பசி. அந்தப் பசிதான் பிரதமர் தெராவுச்சியின் மந்திரிசபையைச் செப்டம்பரில் இறக்கியது.

தஞ்சாவூர் நண்பர்: சரி, அரசுக்காக வாங்கினார்கள் என்றால் அதைச் சொல்ல வேண்டியதுதானே?

இதில் உங்களோடு சேர்கிறேன். கனேகோ ஊருக்கு விளக்கம் சொல்லும் ஆள் இல்லை. பங்குகளையும் பொதுமக்களுக்கு விற்கவில்லை. கணக்கு வெளியே தெரியாது. தெரியாத இடத்தில் வதந்திதான் கணக்காகிறது.

ஈரோட்டிலிருந்து: அந்தத் தீயில்தான் கம்பெனி அழிந்ததா?

இல்லை, இன்னும் ஒன்பது வருடம் ஓடியது. 1920-இல் விலைகள் சரிந்தன, போர்க்கப்பல்களுக்கு வரம்பு வைத்த 1922 கடற்படை ஒப்பந்தத்தால் போர்க்கப்பல் வேலை குறைந்தது. கனேகோ ஆலைகளை விடாமல் கடன் வாங்கினார், பெரும்பாலும் தைவான் வங்கி ஒன்றிடமே. வங்கியின் கடனில் பாதிக்கும் மேல் சுசுகியிடம் முடங்கியது. மிட்சுயிக்குச் சொந்த வங்கி இருந்தது, இவர்களுக்கு இல்லை. 1927 மார்ச் 14 அன்று நிதி மந்திரி கதாவோக்கா, இன்னும் மூடாத ஒரு வங்கி மூடிவிட்டதாக நாடாளுமன்றத்தில் சொன்னார். ஜனங்கள் வங்கி வாசல்களில் குவிந்தார்கள். தைவான் வங்கி புதுக் கடனை நிறுத்தியது. ஏப்ரல் தொடக்கத்தில் சுசுகி விழுந்தது, 18-ஆம் தேதி அந்த வங்கியும் கதவடைத்தது. புதிய நிதி மந்திரி தகஹாஷி கடன்களுக்கு மூன்று வாரம் தவணை அறிவித்தார். அவசரத்தில் பின்பக்கம் வெறுமையாகவே 200 யென் நோட்டு அடித்து வங்கிகளுக்கு அனுப்பினார்கள்.

சென்னையிலிருந்து: வாரன் பஃபெட் பங்கு வாங்கிய ஐந்து ஜப்பானிய வணிக நிறுவனங்களில் இதன் வாரிசு உண்டா? இப்போது வாங்கலாமா?

அந்த ஐந்தில் சோஜிட்ஸ் இல்லை. வாங்கலாமா என்பதைப் பங்குச்சந்தை தெரிந்தவரிடம் கேளுங்கள்.

திருப்பூரிலிருந்து: கார் சுசுகி...

இல்லை.

திருநெல்வேலி மாணவி: விழுந்தபின் ஆட்கள் என்ன ஆனார்கள்?

தகஹாட்டாவும் சிலரும் 1928-இல் நிஷோ என்ற சிறிய நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அது 1968-இல் இவாய் என்ற இன்னொரு வணிக நிறுவனத்துடன் சேர்ந்து நிஷோ இவாய் ஆனது; சோஜிட்ஸின் இன்னொரு பாதி அதுதான். யோனே 1938 வரையும், கனேகோ 1944 வரையும் இருந்தார்கள். சுசுகியிடமிருந்த தெய்ஜின் செயற்கைப் பட்டு நிறுவனத்தின் பங்குகள் தைவான் வங்கிக்குப் போய், அவற்றின் விற்பனையில் ஊழல் என்ற குற்றச்சாட்டு 1934-இல் இன்னொரு மந்திரிசபையைக் கவிழ்த்தது. 1937-இல் குற்றம் சாட்டப்பட்ட எல்லோரும் விடுதலை. அந்த வழக்கைத் தனியாகக் கேளுங்கள். ஆண்டு மலர்களில் தேடாதீர்கள்.