கண்ணகி நகர் அம்மாவுக்கு: அந்த பி.இ. சீட்டுக்கு முன்பணம் கட்டாதீர்கள்

வணக்கம் அம்மா. ஓ.எம்.ஆரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை, கான்ட்ராக்டர் மூலமாகக் கையில் பதினோராயிரம், மகளிர் உரிமைத் தொகை ஆயிரம், ரேஷன் அரிசி. கணவர் இல்லை. இதை வைத்துக்கொண்டு மகளைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை கொண்டுவந்திருக்கிறீர்கள், அது சின்ன விஷயமில்லை. தினமும் நீங்கள் துடைக்கிற தளத்தில் கழுத்தில் கார்டு மாட்டிக்கொண்டு நடக்கிற பெண்களைப் பார்த்து, நம் பெண்ணும் இப்படி வரவேண்டும் என்று ஆசைப்படுவதில் ஒரு தப்பும் கிடையாது. ஆனால் உங்கள் தம்பி தனியார் கல்லூரியில் பேசி வைத்திருக்கும் அந்த பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் மேனேஜ்மென்ட் கோட்டா சீட்டு வேண்டாம். யோசித்துப் பாருங்கள் என்று மென்மையாகச் சொல்லலாம்தான், ஆனால் அவர்கள் கேட்டிருக்கும் முன்பணத்துக்குக் கெடு இருக்கிறது, அதனால் வேண்டாம் என்றே சொல்கிறேன்.

காசுக் கணக்கைப் பாருங்கள். கல்லூரிக் கட்டணம் வருடத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் என்றால் நாலு வருடத்துக்கு நாலு லட்சத்து எண்பதாயிரம், இதில் பஸ், தேர்வுக் கட்டணம், லேப்டாப் எதுவும் சேரவில்லை. பேங்கில் நாலு லட்சம் கடன் கிடைத்தாலும் 10 விழுக்காடு வட்டியில் 7 வருடத்தில் அடைக்க மாதம் ஆறாயிரத்து அறுநூறு ரூபாய்க்கு மேல் தவணை வரும், படிக்கிற காலத்து வட்டி தனி. மேனேஜ்மென்ட் சீட்டுக்கு முதல் தலைமுறைப் பட்டதாரி கட்டணச் சலுகையும் கிடையாது, அது அரசு கவுன்சலிங்கில் போகிறவர்களுக்குத்தான். பேங்க் தராவிட்டால் குழுக் கடன் எடுக்கலாம், தண்டல்காரரிடம் பாதி வாங்கலாம் என்று உங்கள் தம்பி சொன்னதாகச் சொன்னீர்கள். அதற்கு நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். வாரவட்டிக்கு வாங்கிக் கல்லூரிக் கட்டணம் கட்டுகிற வீட்டில் பிள்ளை இரண்டாம் வருடமே படிப்பை நிறுத்துகிறது, அப்புறம் படிப்பும் இல்லை, கடன் மட்டும் மிச்சம்.

உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் என் பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும். 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்கிற பிள்ளைகளின் கட்டணத்தை அரசே கட்டுகிறது. அவள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி, அந்த ஒதுக்கீட்டில் வராது. கணக்கில் எடுத்தது நாற்பத்தாறு. அவளே "எனக்கு கோடிங் பிடிக்கல சார்" என்று இரண்டு தடவை சொன்னாள், நீங்கள் இரண்டு தடவையும் பேச்சை மாற்றினீர்கள்.

எதில் அவளுக்கு ஆசை என்று கேட்டேனே, அப்போது வந்த பதிலை நீங்கள் கவனித்தீர்களா தெரியவில்லை. பிளாக்கில் மிக்ஸி நின்றுபோனால் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள், ஃபேனுக்கு கெப்பாசிட்டர் மாற்றத் தெரியும், கீழ்வீட்டு ஃபிரிட்ஜில் ரிலே போயிருந்ததை அவளே கண்டுபிடித்திருக்கிறாள். பதினேழு வயதில் இதை யாரும் சொல்லிக்கொடுக்காமல் கற்றிருக்கிற பிள்ளையைக் கொண்டுபோய், அவள் வேண்டாம் என்கிற பாடத்தில் கடன் வாங்கி உட்காரவைக்கச் சொல்கிறார் மாமா.

கலைக்கல்லூரி, நர்சிங் பற்றியெல்லாம் நீங்களே விசாரித்துவிட்டீர்கள், அதை விட்டுவிடுகிறேன். நான் சொல்வது அரசு ஐ.டி.ஐ.யில், அதாவது தொழிற்பயிற்சி நிலையத்தில், இரண்டு வருட ஏசி மெக்கானிக் படிப்பு. குளிர்பதனம் மற்றும் குளிர்சாதனத் தொழில்நுட்பர் என்று விண்ணப்பத்தில் போட்டிருக்கும். ஐ.டி.ஐ. என்றதும் உங்கள் முகம் சுருங்கியது. பத்தாவதில் தேறாத பையன்கள் போகிற இடம் என்கிற எண்ணம் உங்களுக்கு மட்டுமில்லை, சென்னை முழுக்க இருக்கிறது, அதனாலேயே நல்ல இடங்கள் கண்ணில் படாமல் போகின்றன. டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாய் செலவில் 71 அரசு ஐ.டி.ஐ.களை நவீன மையங்களாக மாற்றியிருக்கிறார்கள். ரோபோ, கம்ப்யூட்டரில் இயங்கும் சி.என்.சி. மெஷின் எல்லாம் உள்ளே இருக்கிறது. ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள்.

அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. பஸ் பாஸ், சீருடை, ஷூ, பாடப்புத்தகம், சைக்கிள் இலவசம். மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அதோடு புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்த பெண்களுக்கும் 2024 முதல் அதை விரிவாக்கிவிட்டார்கள், ஐ.டி.ஐ.க்கும் உண்டு. ஆக அவளுக்கு மாதம் 1,750 கைக்கு வரும், நீங்கள் யாரிடமும் கைநீட்ட வேண்டியதில்லை.

இரண்டு வருடம் என்ன செய்வாள்? செம்புக் குழாயை வளைப்பது, ஃப்ளேரிங் என்று குழாய் முனையை விரிப்பது, பிரேஸிங் என்று பற்றவைப்பது, நைட்ரஜன் அடைத்து லீக் பார்ப்பது, வேக்குவம் இழுத்து கேஸ் சார்ஜ் செய்வது, கம்ப்ரஸர் வைண்டிங்கை மீட்டர் வைத்துச் சோதிப்பது. இன்வெர்ட்டர் ஏசி வந்தபிறகு இந்த வேலையில் பாதி எலக்ட்ரானிக்ஸ், போர்டில் எந்தப் பாகம் செத்திருக்கிறது என்று பார்க்கிற வேலை. ஏசியில் அடைக்கிற கேஸில் R-22 போய் R-32 வந்திருக்கிறது, அது தீப்பற்றக்கூடிய கேஸ், முறையாகப் படித்தவர்கள் தொடவேண்டிய விஷயம். அண்ணனோடு கூடவே போய்க் கற்றுக்கொண்ட ஆட்கள் சென்னையில் நிறைய இருக்கிறார்கள், தேசிய தொழிற்சான்றிதழோடு வருகிற ஆட்கள் குறைவு, பெண்கள் மிகமிகக் குறைவு.

நீங்கள் வேலை செய்கிற அதே மாதிரிக் கட்டடங்களைத்தான் உதாரணமாகச் சொல்லப்போகிறேன். அங்கே மேலேயோ பேஸ்மென்ட்டிலோ தண்ணீரைக் குளிரவைக்கிற சில்லர் பிளான்ட் இருக்கும், தளத்துக்குத் தளம் குளிர்ந்த காற்றைத் தள்ளுகிற ஏ.ஹெச்.யு. அறை இருக்கும், கம்ப்யூட்டர் திரையில் வெப்பநிலையைக் கண்காணிக்க ஒரு குழு ஷிஃப்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். சிறுசேரி பக்கம் டேட்டா சென்டர்களில் ஏசி நின்றால் எல்லாமே நின்றுபோகும். ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டர், மருந்துக் கிடங்கு, மீன் ஏற்றுமதிக் குளிர்கிடங்கு, மெட்ரோ ரயில் என்று நீளும். ரயில்வேயில் டெக்னீஷியன் பணிக்கும் உதவி லோகோ பைலட் பணிக்கும் இந்தத் தொழிற்பிரிவு தகுதியானது. வீட்டுக்கு வீடு பொம்பளைப் பிள்ளை ஏசி சரிபண்ணப் போவதா என்று உங்கள் அண்ணி கேட்டாராம். போகவேண்டிய கட்டாயமே இல்லை, இப்போது சொன்ன எதுவும் தனி ஆளாக வீடுவீடாகப் போகிற வேலை கிடையாது.

படிப்பு முடிந்ததும் ஒரு வருடம் அப்ரென்டிஸ், அதாவது தொழில் பழகுநராகப் போகட்டும். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனங்கள் குறிப்பிட்ட விகிதத்தில் அப்ரென்டிஸ் எடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் இருக்கிறது, மாதாமாதம் உதவித்தொகை தருவார்கள். அந்த வருடம் பி.எஃப். பிடிக்கமாட்டார்கள், அதைப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள், முடித்தால் தேசிய அப்ரென்டிஸ் சான்றிதழ் வரும். பட்டம் வேண்டும் என்று அவளே பிற்பாடு ஆசைப்பட்டால், ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடத்திலும், டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ.யில் நேராக இரண்டாம் வருடத்திலும் சேரலாம். அவள் சம்பாதித்த பணத்தில் சேரலாம்.

இன்னொன்று. மகள் பி.எஃப். பிடிக்கிற வேலைக்குப் போனால் ரேஷன் கார்டும் உரிமைத் தொகை ஆயிரமும் போய்விடும், அதனால் கையில் சம்பளம் தருகிற கடை வேலை போதும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்றீர்கள். இந்தப் பேச்சுதான் குடும்பங்களை அதே இடத்தில் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி பொதுவாக எல்லோருக்கும் உண்டு, மகள் சம்பளம் வாங்குவதால் நிற்காது. உரிமைத் தொகைக்கு வரம்பு குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம், அதாவது மாதம் 20,833. அப்ரென்டிஸ் காலத்தில் அவள் ஏழெட்டாயிரம் வாங்கினால், உங்கள் பதினோராயிரத்தோடு சேர்த்தாலும் அதைத் தாண்டாது. நிரந்தர வேலைக்குப் போன பிறகு தாண்டும், ஆயிரம் நிற்கும். நிற்கட்டும் அம்மா. பி.எஃப்.பில் அவள் பங்கு 12 விழுக்காடு, முதலாளி பங்கு அதே அளவு. மாதச் சம்பளம் 21,000 வரை இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உண்டு, அவள் போடுவது சம்பளத்தில் முக்கால் விழுக்காடு, அதற்கு கே.கே. நகர் ஆஸ்பத்திரியில் சிகிச்சை, உடம்பு சரியில்லாமல் லீவு போட்டால் 91 நாள் வரை சம்பளத்தில் 70 விழுக்காடு. நாளைக்கு உங்கள் முழங்கால் ஒத்துழைக்காமல் நீங்கள் வேலையை விட்டால், அவளை நம்பியிருக்கும் தாயாக அவளுடைய இ.எஸ்.ஐ. கார்டில் உங்கள் பெயரையும் சேர்க்கலாம். கடையில் கவரில் போட்டுத் தருகிற சம்பளத்தில் இது எதுவும் வராது.

மாமாவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். போன வருடம் அந்தக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எந்தக் கம்பெனி, என்ன சம்பளம் என்று எழுத்தில் வாங்கி வரச்சொல்லுங்கள். ஏஜென்ட் வாயால் சொல்வதைக் கேட்கவேண்டாம், அவருக்கு ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன் இருக்கும்.

இந்த வாரம் செய்யவேண்டியது: அவளைக் கூட்டிக்கொண்டு கிண்டி, திருவான்மியூர் ஐ.டி.ஐ. இரண்டுக்கும் போய், இந்தப் பிரிவு எங்கே இருக்கிறது, எத்தனை இடம் காலி என்று கேளுங்கள். பட்டறையை அவள் கண்ணால் பார்க்கட்டும், பிடிக்கவில்லை என்று அவள் சொன்னால் அங்கேயே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியன் பிரிவைப் பார்ப்போம். பெண்களுக்கு வயது உச்சவரம்பே இல்லை என்பதால் அவசரத்தில் முடிவெடுக்கவேண்டியதில்லை, ஆனால் இந்த வருட இடங்கள் நிரம்புவதற்குள் விண்ணப்பம் போட்டுவிடுவது நல்லது. மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், போட்டோ கொண்டுபோங்கள். அந்தத் தனியார் கல்லூரியிலிருந்து யார் வந்து கேட்டாலும், சீட்டு பிளாக் பண்ணுவதற்கு என்று சொன்னாலும், ஒரிஜினல் சான்றிதழ்களை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பணம் கட்டினால்தான் திருப்பித் தருவோம் என்பார்கள், அப்புறம் ஐ.டி.ஐ.யில் சேர்க்கக்கூட உங்கள் கையில் ஒரு தாளும் இருக்காது.