ஆறு எப்படி மேலே ஏறும்?

அன்புள்ள ஐயா,

நான் பட்டர்வொர்த்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடத்துக்கு வரைபடம் காட்டுகிறேன், பிள்ளைகளுக்குத் திசையே பிடிபடவில்லை. கிளந்தான் ஆறு வடக்கு நோக்கி ஓடுகிறது என்றேன். "ஆறு எப்படி டீச்சர் மேல ஏறும்?" என்றான் ஒரு பையன். வகுப்பே சிரித்தது, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வயதுக்கு எந்த அட்லஸ் நல்லது? கைப்பேசி வரைபடம் போதுமா? வண்ணம் தீட்டச் சொல்லலாமா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

எழுத்து பெரிதாக உள்ள எந்த அட்லஸும் போதும். வண்ணம் தீட்டுவது ஓவிய வகுப்புக்கு ஆகும். கைப்பேசி வழிகாட்டும்போது நாம் திரும்பும் பக்கமெல்லாம் படமும் திரும்பிக்கொள்ளும், அதில் திசை பழக முடியாது.

என்னை உட்காரவிடாமல் செய்தது அந்தச் சிரிப்பு. பையன் கேட்டதில் என்ன பிழை? சுவரில் மாட்டிய படத்தில் வடக்கு மேலே இருக்கிறது. தண்ணீர் மேலிருந்து கீழேதான் வரும் என்று அவனுக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தான், இடித்தது, கேட்டுவிட்டான். மற்ற பிள்ளைகளுக்கு அது இடிக்கவே இல்லை, சிரித்தார்கள். நீங்களும் அவர்களோடு போய் நின்றுகொண்டீர்களே டீச்சர்.

நான் வளர்ந்தது உங்கள் கரையில்தான், செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டம். பாட்டி தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். அங்கே நிலம் மேற்கே உயர்ந்து, கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. காவிரியும் அப்படித்தான் போகிறது. மேல் என்பதிலிருந்து மேற்கு, கீழ் என்பதிலிருந்து கிழக்கு. ஊருக்குள் மேலத் தெரு, கீழத் தெரு. அந்தச் சொற்களையும் பாட்டி கப்பலில் கொண்டுவந்துவிட்டார். எங்கள் தோட்டத்திலோ கடல் மேற்கே, மேடு கிழக்கே. பொழுது கிளம்பும் பக்கத்து லயத்தை, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையை, பாட்டி 'கீழ லயம்' என்பார், அங்கே போக மேடு ஏற வேண்டும். "கீழ லயத்துல அத்தை வீட்ல அரிசி வாங்கிட்டு வாடா" என்று ஒருநாள் அனுப்பினார். நான் சரிவில் இறங்கி ஓடி, வீடு வீடாகக் கேட்டு அலைந்து, வெறும் டின்னோடு திரும்பினேன். "பொழுது எங்கடா கெளம்புது? அதான் கீழ" என்றார். ஏழு வயதில் எனக்குத் திசை தெரிந்தது அப்படித்தான்.

அடுத்த ஆண்டு வாத்தியார் நாட்டுப் படத்தை மாட்டி, மேற்கு எது என்றார். நான் படத்தின் உச்சியைக் காட்டினேன். மேற்கு என்றால் மேல்தானே. அவர் சிரித்தார், வகுப்பும் சிரித்தது. ஆறாம் ஆண்டு முடியும்வரை நான் கை தூக்கவில்லை. பாட்டி தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டார் என்று உள்ளுக்குள் கோபம் வேறு.

பிறகு எதிரே பினாங்குத் தீவில் ஜார்ஜ்டவுனுக்குக் குடிவந்தேன். இங்கே கிழக்கே ஜெட்டி, கடல். மேற்கே ஆயர் ஈத்தாம், அதற்கும் மேலே 833 மீட்டர் கொடிமலை. பாட்டியின் சொல் அப்படியே பொருந்துகிறது. ஃபெர்ரியில் இக்கரை வந்து இறங்கினால் மேலும் கீழும் இடம் மாறிவிடும். இதை அவரிடம் சொல்ல நினைத்தபோது அவர் இல்லை.

படத்தைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். காலையில் திடலுக்குக் கொண்டுபோய்ப் புல்லில் விரியுங்கள். வெயில் கூலிம் பக்கமிருந்து வரும், எதிர்ப்பக்கம் கடலும் தீவும். படத்தின் வடக்கு உண்மையான வடக்கைப் பார்க்கும்படி திருப்பி, பிள்ளைகளைச் சுற்றி உட்கார வையுங்கள். வடகோடியில் பெர்லிஸ் பக்கம் உட்கார்ந்தவளுக்கு வடக்கு முழங்காலடியில் இருக்கும், தென்கோடியில் ஜொகூர் பக்கம் உட்கார்ந்தவனுக்கு எட்டாத தூரத்தில். இதில் மேலே எது? பிறகு கிளந்தானின் தெற்கு எல்லையில், 2187 மீட்டர் தாஹான் மலை இருக்கும் இடத்தில், ஒரு கல்லை வைத்து, மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும் என்று கேளுங்கள். கோத்தா பாருவைத் தாண்டிக் கடல்வரை விரல் தானாகப் போகும். வடக்கே இருக்கும் கடலுக்கு ஏன் தென்சீனக் கடல் என்று பெயர் என ஒரு பிள்ளை கேட்கும். கேட்கட்டும்.

2014-இல் நான்காம் ஆண்டுக்கு வரலாறு வந்தது, காஜியான் தெம்பாத்தான் என்ற வட்டார ஆய்வுப் பாடம் போய்விட்டது, இதற்கெல்லாம் நேரம் ஏது என்பீர்கள். அரை மணி போதும்.

அதற்கு முன் அந்தப் பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவன் கேட்டது நல்ல கேள்வி என்று எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். சிரித்தது எல்லார் முன்னாலும்தானே. கல்லையும் அவன் கையிலேயே கொடுங்கள்.