நான்கு துளை பொருந்தினால் போதுமா?

வாகனப் பகுதி: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சிறிய கார்களுக்கு அலோய் றிம் மாற்றுவது பற்றியவை. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன். கிளிநொச்சியில் ரயர் வேலை செய்பவன் என்ற வகையில், கழற்றிப் பூட்டிப் பார்த்த விடயங்களைத்தான் எழுதுகிறேன்.

என்னிடம் 2004ஆம் ஆண்டு ஹொண்டா ஃபிட் இருக்கிறது. பாவித்த ஜப்பான் அலோய் றிம் நான்கு பார்த்து வைத்திருக்கிறேன். 15 அங்குலம், அகலம் 7, பின்பக்கத்தில் +25 என்று அச்சிடப்பட்டிருக்கிறது. நான்கு துளை, நூறு. "அப்படியே ஏறும்" என்கிறார் விற்பவர். நம்பி வாங்கலாமா?
– ஓர் இளைஞர், விசுவமடு

ஏறும், தம்பி. ஆனால் ஏறுவது வேறு, பொருந்துவது வேறு.

நூறு என்பது எதிரெதிரான இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையிலான தூரம், மில்லிமீற்றரில். மையத்தைக் கண்ணால் பிடிப்பது கடினம். ஒரு துளையின் இடது விளிம்பிலிருந்து எதிர்த் துளையின் இடது விளிம்பு வரை அளந்தால் அதே அளவு வந்துவிடும். ஃபிட், விட்ஸ், வேகன் ஆர், மார்ச் எல்லாமே நான்கு துளை நூறுதான். அதனால்தான் ஒரே றிம்மை இத்தனை காருக்கும் காட்டி விற்க முடிகிறது. அந்த அளவு உங்களுக்குச் சரி. சிக்கல் அதற்கு அடுத்த மூன்று இடங்களில் இருக்கிறது.

முதலாவது அந்த +25. றிம்மின் அகலத்தை நடுவால் பிரித்தால், ஹப்பில் (சில்லைப் பூட்டும், சுழலும் நடுப்பகுதியில்) உட்காரும் முகம் அந்த நடுக்கோட்டிலிருந்து வெளிப்பக்கமாக எத்தனை மில்லிமீற்றர் தள்ளி இருக்கிறது என்பதே அந்த எண். உங்கள் காருடன் வந்த 14 அங்குல றிம்மின் அகலம் 5½, எண் +45. இப்போது கணக்குப் பாருங்கள். அகலம் 1½ அங்குலம் கூடுகிறது; அதாவது 38 மில்லிமீற்றர், பக்கத்துக்கு 19. எண் 45இலிருந்து 25க்குக் குறைவதால் முழுச் சில்லும் 20 மில்லிமீற்றர் வெளியே தள்ளப்படுகிறது. மொத்தத்தில் றிம்மின் வெளிவிளிம்பு பழைய இடத்திலிருந்து 39 மில்லிமீற்றர் வெளியே வந்து நிற்கும். உள்பக்கம் ஏறத்தாழப் பழைய இடத்திலேயே இருப்பதால் கடையில் கையால் சுற்றிப் பார்க்கும்போது எதுவும் முட்டாது. வீட்டாரை ஏற்றிக்கொண்டு புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு பயணம் போய், ஒரு பள்ளத்தில் பின்பக்கம் அமுங்கும்போதுதான் மட்கார்ட் விளிம்பு ரயரின் தோளைச் சீவும். முட்டாவிட்டாலும், சில்லு வெளியே போகப் போக பெயரிங்குக்குச் சுமை கூடும், பள்ளத்துக்குப் பள்ளம் ஸ்டியரிங் கையை இழுக்கும். கிரவல் வீதியில் கல்லெல்லாம் கதவின் அடிப்பக்கத்தில்தான் வந்து அடிக்கும்.

இரண்டாவது, நடுத் துளை. ஃபிட்டின் ஹப் 56.1 மில்லிமீற்றர். கடையில் கிடைக்கும் றிம்களில் நடுத் துளை பெரும்பாலும் 67 அல்லது 73. இடைவெளியை நிரப்ப ஹப் வளையம் போட வேண்டும். அது இல்லாமல் பூட்டினால் சில்லு ஹப்பின் நடுவில் உட்காராது. எவ்வளவு நன்றாக பலன்ஸ் செய்தாலும் ஏ9 வீதியில் 70ஐத் தொடும்போது ஸ்டியரிங் நடுங்கும். வளையத்தைச் சரியான அளவில் வாங்குங்கள்: உள்ளே 56.1, வெளியே உங்கள் றிம்மின் அளவு. பூட்டுமுன் ஹப்பில் உள்ள துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்துவிடுங்கள்.

மூன்றாவதைத்தான் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன்: நட். ஹொண்டாவின் சொந்த நட்டுக்கு அடிப்பக்கம் உருண்டை. வெளிக்கடை அலோய் றிம்களின் துளையோ கூம்பு வடிவம். மரை ஒன்றே என்பதால் பழைய நட் தடையில்லாமல் ஏறும், இறுகும், இறுகியதுபோலவே இருக்கும். அப்படிப் பூட்டி ஓடிய றிம்மைக் கழற்றினால் துளைக்குள் என்ன நடந்தது என்று தெரியும். கூம்பின் முழுப் பரப்பும் பளபளக்க வேண்டிய இடத்தில், நூல் தடிப்பில் ஒரு வட்டக் கோடு மட்டும் மின்னும். அதைச் சுற்றிக் கறுப்பாக அலுமினியத் தூள் ஒட்டியிருக்கும். நான்கு பேர் போகும் காரை அந்த நூல் தடிப்புத்தான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஆகவே கூம்பு நட் 16 புதிதாக வாங்கியே ஆக வேண்டும். பழைய நட்டுகளை எறிந்துவிடாதீர்கள். டிக்கியில் கிடக்கும் ஸ்பெயார் சில்லு ஹொண்டாவினுடையது. அதற்கு உருண்டை நட்தான் வேண்டும். நான்கை ஒரு பையில் கட்டி அதனுடனேயே வைத்துவிடுங்கள்.

பார்த்து வைத்த றிம்மை விட்டுவிடுங்கள் என்பதே என் பதில். 15 அங்குலம்தான் ஆசையென்றால் அகலம் 5½ அல்லது 6, எண் 40க்கும் 45க்கும் இடையில் தேடுங்கள்; ரயர் 185/55 (முதல் எண் ரயரின் அகலம், மில்லிமீற்றரில்; அடுத்தது அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு ரயரின் பக்கச் சுவர் உயரம் என்பது; கோட்டுக்குப் பின் வருவது றிம்மின் அங்குலம்). உங்கள் பழைய 175/65-14 ரயரின் மொத்த உயரம் 583 மில்லிமீற்றர், இது 584. வேக மீற்றர் காட்டுவதும் மாறாது, மட்கார்ட்டிலும் தேயாது. நட்டுகளைக் குறுக்காக, 108 நியூட்டன் மீற்றர் அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ஸ்பனரால் இறுக்கச் சொல்லுங்கள். காலால் ஸ்பனரில் ஏறி மிதிப்பவரிடம் கொடுக்காதீர்கள். 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி பார்க்க வேண்டும். கிளிநொச்சியிலிருந்து வவுனியா போய்ச் சேரும் தூரம் அதற்குக் கணக்காக இருக்கும். வழியில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க இறங்கும்போது நான்கு சில்லையும் ஒருமுறை கண்ணால் பார்த்துக்கொள்வதும் நல்லதுதான்.

என் வேகன் ஆர் காரில் 155/65-14 ரயர் இருக்கிறது. 15 அங்குல றிம்முடன் 165/55 போட்டால் கார் எடுப்பாக இருக்கும் என்கிறார்கள். தினமும் உள் வீதியால் பாடசாலைக்குப் போய் வருகிறேன்.
– ஓர் ஆசிரியை, மல்லாவி

அளவு பிழையில்லை, ரீச்சர். வேகன் ஆரின் ஸ்டிங்ரே வகைகள் சில அந்த 165/55-15 ரயருடனேயே கம்பனியிலிருந்து வந்தன. உயரமும் ஐந்து மில்லிமீற்றர்தான் கூடும்.

ஆனால் றிம்முக்கும் வீதிக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் சுவர் 101 மில்லிமீற்றரிலிருந்து 91ஆகக் குறைகிறது. மழைக்காலம் முடிந்து கிரவல் அரித்து, கல் விளிம்பு நிமிர்ந்து நிற்கும் தை மாதத்தில் அந்தப் பத்து மில்லிமீற்றரின் அருமை தெரியும். பள்ளத்தின் விளிம்பில் ரயர் முழுதாக நசுங்கி றிம்மைத் தொட்டால், ஒன்றில் ரயரின் பக்கத்தில் முட்டைபோல் வீக்கம் வரும், அல்லது றிம் வளையும். வீக்கம் வந்த ரயரை ஒட்டிப் போட முடியாது. 14 அங்குலத்திலேயே அழகான அலோய் கிடைக்கிறது. அகலம் 4½, எண் +45 பார்த்து வாங்குங்கள், இருக்கும் ரயரையே ஏற்றலாம். வேகன் ஆர் சுசுகியினுடையது; சுசுகியின் மரை இடைவெளி 1.25 மில்லிமீற்றர். ஹொண்டா, டொயோட்டா நட் 1.5. கடைக்காரர் பெட்டியில் கைவிட்டு எடுத்துத் தருவதை அப்படியே வாங்காமல் கேட்டு வாங்குங்கள். முதல் இரண்டு மூன்று சுற்று விரலாலேயே ஏற வேண்டும். ஏறாவிட்டால் ஸ்பனரைத் தொட விடாதீர்கள்.

2007 விட்ஸ், ஒரு லீற்றர் என்ஜின். 165/70-14 ரயர். வயல் வீதியில் அடி தட்டுகிறது. சில்லை மாற்றி உயர்த்த வழி உண்டா?
– ஒரு விவசாயி, முத்தையன்கட்டு

உண்டு, ஐயா. இதே உடலில் வெளிநாடுகளுக்குப் போன யாரிஸ் கார்களுக்கு 185/60-15 கம்பனி அளவு. உங்கள் ரயரின் உயரம் 587, அது 603. காரின் அடி எட்டு மில்லிமீற்றர் உயரும். ரப்பர் சுவர் 115இலிருந்து 111, இழப்பு சொற்பம். அதனால் வயல் வீதிக்கு இந்த மாற்றத்தை மனமாரச் சொல்வேன். வேக மீற்றர் 70 காட்டும்போது கார் 72இல் ஓடும், அதை மட்டும் மனதில் வையுங்கள். சில்லு பாரமாவதால் சிறிய என்ஜின் புறப்படும்போது கொஞ்சம் சோம்பும்.

எட்டு மில்லிமீற்றருக்கு மேல் எதிர்பார்த்தால் சில்லு அதற்கு மருந்தல்ல. முதலில் பின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நெல் மூட்டை ஏற்றிய கார்களில் பெரும்பாலும் குறை அங்கேதான்.

கனடாவில் இருக்கும் அண்ணா, லண்டனில் இருக்கும் அக்கா இருவருமே றிம் அனுப்புகிறோம் என்கிறார்கள். என் கார் மார்ச்.
– ஒரு வாசகி, பரந்தன்

மனம் நோகாமல் மறுத்துவிடுங்கள், தங்கச்சி. ஐரோப்பாவில் ஓடும் போர்ட், பீஜோ சிறிய கார்களில் நிறைய நான்கு துளை 108. எட்டு மில்லிமீற்றர் வித்தியாசம் படத்தில் தெரியாது; இங்கே வந்து பூட்டும்போதுதான் தெரியும். அனுப்புகிற செலவில் இங்கேயே நல்ல ரயர் இரண்டு வாங்கலாம். அதையும் மீறி அனுப்புவதென்றால் துளை அளவு, அகலம், அந்த + எண், நடுத் துளை ஆகியவற்றை றிம்மின் பின்பக்கத்திலிருந்து எழுதி அனுப்பச் சொல்லுங்கள். உங்களுடையது மார்ச் கே12 மொடல் என்றால் ஹப் 60.1. அதைவிடச் சிறிய நடுத் துளை என்றால் றிம் உட்காரவே உட்காராது.

ஸ்பேசர் போட்டுச் சில்லை வெளியே எடுக்கலாமா?
– ஒட்டுசுட்டான்

வேண்டாம். ஹப்புக்கும் றிம்முக்கும் நடுவில் சும்மா செருகும் தட்டு ஸ்பேசர் போட்டால் நட் பிடிக்கும் மரை குறைகிறது. 12 மில்லிமீற்றர் ஸ்டட்டில் (ஹப்பில் நட் ஏறும் கம்பியில்) குறைந்தது 12 மில்லிமீற்றராவது நட் ஏற வேண்டும், 1.5 மரையில் அது எட்டுச் சுற்று, 1.25இல் பத்து. எண்ணிப் பாருங்கள்.

பாவித்த றிம் வாங்கும்போது வெடிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒட்டுவேலை செய்ததை வாங்கலாமா?
– சாரதி, மாங்குளம்

முன்பக்கத்தைப் பார்த்து வாங்குவதால்தான் ஏமாறுகிறார்கள். பள்ளத்தில் அடி வாங்குவது பெரும்பாலும் உள்விளிம்பு. றிம்மைக் கவிழ்த்து, அழுக்கைத் துடைத்து, உள்விளிம்பு முழுவதும் நகத்தால் தடவுங்கள். மயிரிழை வெடிப்பும் நகத்தில் தட்டும். ஓரிடத்தில் மட்டும் புதுப் பெயின்ற் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஜே.டபிள்யூ.எல். என்ற ஜப்பான் தர முத்திரை வார்ப்பிலேயே இருக்க வேண்டும். ஆனால் போலியிலும் அதைப் பொறிக்கிறார்கள் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பின்பு பலன்சிங் மெஷினில் ரயர் இல்லாமல் வெறும் றிம்மைச் சுற்றச் சொல்லுங்கள். வளைந்திருந்தால் விளிம்பு நெளிந்து ஓடுவது நின்றுகொண்டே தெரியும்.

இரும்பு றிம்மின் விளிம்பு வளைந்தால் தட்டி நிமிர்த்தலாம். அலோய் வெடித்தால் வெல்டிங் செய்தவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வாங்காதீர்கள். அந்த உலோகத்தின் பலம் சூட்டுப் பதப்படுத்தலில் வந்தது, வெல்டிங் சூடு அதைச் சுற்றுவட்டாரத்தில் அழித்துவிடும். ஏற்கெனவே வாங்கி ஓடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் ரயருக்குக் காற்றடித்து ஒட்டிய இடத்தில் சவர்க்காரத் தண்ணீர் பூசுங்கள். குமிழி வந்தால் அன்றைக்கே கழற்றிவிட்டு ஸ்பெயாரைப் பூட்டுங்கள். வராவிட்டாலும் அந்த றிம்மை நம்பி ஓடாதீர்கள். பணம் சேர்ந்ததும் வேறொன்று வாங்குங்கள்.