நிலத்தடி நீர் மாசைச் சுத்தம் செய்யும் விஞ்ஞானியின் வேலை எப்படி இருக்கும்?

வெள்ளவத்தைத் தாய் ஒருவரின் கேள்வி இது. மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படிக்கிறாளாம், இந்தத் துறைக்குப் போகலாமா என்கிறார்.

தாராளமாகப் போகலாம். ஆனால் ஆய்வுகூடம் பாதி, வெயில் பாதி. கண்காணிப்புக் குழாய்க் கிணற்றில் தேங்கிக் கிடக்கும் பழைய நீரை இறைத்துக் கொட்டிவிட்டு, புதிதாக ஊறிவருவதைத்தான் மாதிரியாக எடுக்க வேண்டும். அப்புறம் போத்தல்களை ஐஸில் வைத்துக் காவ வேண்டும்.

சுத்தம் செய்வதுதான் சுவையான பகுதி. டீசல் நீர்மட்டத்தின் மேல் மிதக்கும். குளோரீன் சேர்ந்த கரைப்பான்கள் அடியில் அமிழும். ஒரே வைத்தியம் எல்லாவற்றுக்கும் சரிவராது. நீரை வெளியே இறைத்துச் சுத்திகரிப்பது பழைய வழி. மோட்டாரை நிறுத்தியதும் மண்ணில் ஒட்டியிருந்தது மெல்லக் கசிந்து, மாசின் அளவு மறுபடி ஏறிவிடும்! அதனால் எண்ணெயைத் தின்னும் பக்டீரியாக்களுக்கு ஒட்சிசன் கொடுத்து வேலை வாங்குவதும் உண்டு. எதுவானாலும் வருடக்கணக்கு. அவசரக்காரருக்கு ஏற்ற தொழில் இல்லை இது.

கொழும்பில் இருந்தாலும் யாழ்ப்பாண பஸ் ஏற வேண்டிவரலாம். அங்கே சுண்ணாம்புக்கல் வழியே உர நைத்திரேற்று கிணறுகளில் இறங்குகிறது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம்.

வேலைக்கு நீர்வளச் சபை, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, மத்திய சுற்றாடல் அதிகாரசபை, தனியார் ஆலோசனை நிறுவனங்கள் இருக்கின்றன. மகளை இரசாயனவியலில் ஊன்றச் சொல்லுங்கள். சிங்களமும் பழகட்டும், கிணற்றுக்காரரிடம் பேச்சுக் கொடுக்காமல் பாதி விவரம் கிடைக்காது.